பள்ளிச் சோறும் ஊர் விளைச்சலும் – 9: சோளமாகப் போய் முட்டையாகத் திரும்புவது

கொள்முதல் நிலையத்து நெல் சத்துணவு அரிசியாகிப் பள்ளிக்கூடத்து அடுப்பை அடையும் மார்க்கத்தைச் சென்ற வாரம் கண்டோம். தொடர்ந்து வாசிக்கும் அன்பர்களுக்கு அதனை மீண்டும் விரிப்பது அநாவசியம். காய்கறி வாங்குவதற்காகச் சத்துணவு அமைப்பாளர் கைக்கு வரும் தொகையைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்குள் முட்டை குறுக்கிட்டுவிட்டது.

ஜெயங்கொண்டத்திலிருந்து மேற்கே, முந்திரித் தோப்புகளைப் பின்னே விட்டு, அரியலூரைக் கடந்து பெரம்பலூர்ச் சீமைக்குள் புகுகிறவர், மானாவாரிக் கரிசலில் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இடையே மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்பதைக் காண்பார். தமிழ்நாட்டில் இப்பயிரின் தலைமைப் பிரதேசமே அதுதான். ஆயினும் அந்தச் சோளத்தில் நம் வீட்டு அடுப்புக்கு வருவது சொற்பம். பெரும்பகுதி மூட்டை மூட்டையாக நாமக்கல்லின் கோழித் தீவன ஆலைகளுக்குப் பிரயாணமாகிறது. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேலாகத் தீவனம் தேவை. அதில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். ஆகவே ஒவ்வொரு முட்டைக்குப் பின்னும் ஒரு கைப்பிடிச் சோளம் நிற்கிறது. அந்த முட்டையோ அரசின் ஒப்பந்தப்புள்ளி வழியே லாரியேறி, ஜெயங்கொண்டம் ஒன்றியத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உச்சிவேளையில் ஒரு குழந்தையின் தட்டில் வந்து விழுகிறது. மானாவாரி உழவனின் விளைச்சல் கோழியின் வயிற்றின் வழியாகத் தன் சொந்தச் சீமைக்கே திரும்புகிறது என்ற இந்த எண்ணம் இவ்வாரம் முழுவதும் என்னை வேறெதையும் நினைக்கவிடவில்லை. நாமக்கல்லுக்குக் கர்நாடகத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் சோளம் வருவதால், எந்த முட்டைக்குள் எந்த ஊர்ச் சோளம் என்று எவராலும் அறுதியிட இயலாது என்பது மெய்தான். ஆனாலும் மார்க்கம் மெய்யானது.

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது தட்டில் முட்டை இல்லை. அன்று ஜெயங்கொண்டமும் அதே திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்பதை இவ்வூர்ப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை என்று கலைஞர் ஆட்சியில் ஆரம்பமாகி, படிப்படியாக உயர்ந்து, 2010-இல் வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களுக்கும் ஐந்து முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். விலை ஏறினாலும் இறங்கினாலும் பள்ளி நடக்கும் நாளெல்லாம் தவறாமல் வாங்கும் இத்தகைய வாடிக்கையாளர் வேறெந்த விளைபொருளுக்கு உண்டு?

அந்த உறுதி உழவனை எட்டவில்லை என்பதே என் ஆதங்கம். 2018-இல் படைப்புழு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் மக்காச்சோளக் கொல்லைகளில் புகுந்து குருத்தைத் தின்றபோது, சத்துணவின் முட்டைக் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. குறைந்தது சோளம் விதைத்தவனின் கையிருப்பு மட்டுமே. பள்ளியோடு அவனுக்கு நேரான வியாபார சம்பந்தம் ஏதுமில்லாதபடியால், நஷ்டம் அவனுடையதாகவும் நிச்சயம் இடையில் நிற்பவர்களுடையதாகவும் பிரிந்துவிடுகிறது.

இதை மாற்ற வழியுண்டு என்பதற்குப் பிரேசில் சாட்சி. பள்ளி உணவுக்கென்று மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று அந்நாடு 2009-இல் சட்டமே இயற்றியது. அமெரிக்காவிலோ, உள்ளூர் விளைபொருளைப் பள்ளிகள் வாங்குவதற்காக ஒதுக்கியிருந்த சுமார் 66 கோடி டாலரை 2025 மார்ச்சில் அரசாங்கம் ஒரே உத்தரவில் ரத்துசெய்தது. சட்டத்தில் வேரூன்றாத கொடை எத்துணை எளிதில் பிடுங்கப்படும் என்பதற்கு வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. நமது மத்திய அரசு 2021-இல் பி.எம். போஷண் என்று பெயர் மாற்றிய திட்டமும் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளிடம் கொள்முதல் செய்வதை ஊக்குவிப்பதாகக் கூறுகிறது. ஊக்குவிப்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. 2022-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் ஆணையில், வாரத்தில் இரண்டு நாளேனும் அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்யலாம் என்ற வாசகம் உள்ளது. வரகு விளைந்த இந்த மண்ணுக்கு அது ஒரு திறந்த கதவு. அந்தக் கதவு வழியே ஜெயங்கொண்டம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துச் சரக்கும் பள்ளிக்குள் நுழைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இங்கே காமராஜர் காலத்து ஏற்பாடு ஒன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. 1956-இல் மதிய உணவு தொடங்கியபோது ஊரார் அரிசியும் காய்கறியும் விறகும் தாமே கொண்டுவந்து கொடுத்தார்கள். பின்னர் சாப்பாட்டுச் செலவில் அறுபது பங்கு அரசினுடையது, நாற்பது பங்கு ஊரினுடையது என்று வகுக்கப்பட்டது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் மூலம் அமெரிக்கத் தானியமும் பால்மாவும் கப்பலில் வந்து அந்தத் தட்டில் சேர்ந்தன. அந்த நாற்பது பங்கில் எவ்வளவு நாணயமாக வந்தது, எவ்வளவு பூசணியாகவும் முருங்கையாகவும் வந்தது என்று பிரித்தறிய முயன்றுகொண்டிருக்கிறேன். அமைப்பாளரின் காய்கறித் தொகையோடு சேர்த்தே அதனை அடுத்த வாரம் எழுதுகிறேன்.