கைப்பேசியும் மூளையும்: அச்சம் எவ்வளவு, உண்மை எவ்வளவு?

எங்கள் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையின் மூளையில் கட்டி இருப்பதை அறிந்த பெற்றோர், "கைப்பேசி வாங்கிக் கொடுத்தது நாங்கள்தானே, டாக்டர்? அதனால்தான் வந்ததா?" என்று கேட்கின்றனர். நோயின் சுமையோடு குற்றவுணர்வையும் சுமப்பவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

கைப்பேசி வெளியிடுவது ரேடியோ அலை. எக்ஸ்ரே கதிரைப் போல மரபணுவை நேரடியாகச் சிதைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. காதோடு வைத்துப் பேசுகையில் அருகிலுள்ள திசு அவ்வலையின் ஒரு பகுதியை உறிஞ்சி மிகச் சிறிதளவு வெப்பமடைகிறது. இவ்வாறு உறிஞ்சப்படும் ஆற்றல், ஒரு கிராம் திசுவின் சராசரியில், கிலோகிராமுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் நடைமுறையிலுள்ள விதி.

அப்படியானால் மூளையில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லையா? 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் நோரா வோல்கோவும் அவருடைய குழுவினரும் நலமாயிருந்த 47 பேரிடம் இதனை ஆராய்ந்தனர். இரு காதுகளிலும் கைப்பேசிகள் பொருத்தப்பட்டன. ஒருமுறை வலக்காதுக் கைப்பேசியில் 50 நிமிடங்கள் அழைப்பு இணைப்பில் இருந்தது. பேச்சொலி மூளையைத் தூண்டாதிருக்க ஒலி நிறுத்தப்பட்டது. மறுமுறை இரண்டும் அணைக்கப்பட்டிருந்தன. பெட் ஸ்கேனில், ஆன்டெனாவுக்கு அருகிலிருந்த மூளைப் பகுதி சுமார் 7 விழுக்காடு கூடுதலாகக் குளுக்கோஸைப் பயன்படுத்தியது தெரிந்தது. ஆனால் மூளை சிந்திக்கும்போதும் பார்க்கும்போதும் இத்தகைய ஏற்ற இறக்கம் இயல்பாகவே நிகழும். மாற்றம் வேறு, கேடு வேறு. இதனால் நோய் வரும் என்று அவ்வாய்வாளர்கள் கூறவில்லை.

அதே ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. அப்போது கிடைத்த சான்றுகள் குறைவானவை. பின்னர், உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான மதிப்பாய்வு, பத்தாண்டுகளுக்கு மேல் கைப்பேசி பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை என்று கண்டது. ஆகவே, பெற்றோர் தம்மைத் தாமே பழித்துக்கொள்ள இன்றைய சான்றுகள் இடம் தரவில்லை.

எனினும் சில பழக்கங்கள் நன்மை தரும். நீண்ட நேரம் பேசுகையில் இயர்போனையோ ஸ்பீக்கரையோ பயன்படுத்துங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் கைப்பேசி கூடுதல் ஆற்றலோடு அலையை அனுப்பும். அங்கே பேச்சைச் சுருக்குங்கள். கதிரைவிட நாங்கள் அஞ்சுவது, இரவில் திரையைப் பார்த்துத் தூக்கத்தை இழப்பதைத்தான். வலிப்பு நோயாளிகளுக்குத் தூக்கக் குறைவே மீண்டும் வலிப்பைத் தூண்டலாம்.

இறுதியாக ஒன்று. காலையில் வாந்தியுடன் வரும் தலைவலி, வலிப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வைக் குறைவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், "போன் பார்த்ததால் வந்தது" என்றெண்ணிக் காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.