கத்திக்கு இரும்பும் பிடிக்கு மரமும்

சமையலறையிலே இல்லத்தரசியின் கையில் நாள்தோறும் அதிக நேரம் இருக்கும் கருவி எதுவென்று கேட்டால், அகப்பை என்று சிலரும் கத்தி என்று பலரும் கூறுவர். ஆயினும், ஒரு சேலை வாங்குவதற்கு நான்கு கடைகள் ஏறி இறங்கும் நாம், கத்தி வாங்கும்போது அதன் பளபளப்பையும் விலையையும் மாத்திரமே பார்க்கிறோம். அது எத்தகைய இரும்பினால் ஆனது, அதன் பிடி எந்த மரம் என்று கேட்பதில்லை. இதன் பலனை அனுபவிப்பவை நம் விரல்களே. கூரிய கத்தி தன் பாரத்தினாலேயே வெட்டும். மழுங்கிய கத்தியையோ அழுத்த வேண்டும். அழுத்தும்போது அது வழுக்கும். அத்துடன் பிடியும் ஆட்டங் கண்டிருக்குமாயின் கேட்க வேண்டியதில்லை!

கத்தி பார்வைக்கு ஒரே பொருள். தொழிலிலோ அது மூன்று. அதன் வாய் கடினமாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் கூர் நில்லாது. அதன் முதுகு வளைந்து கொடுக்க வேண்டும், இல்லையேல் ஒடியும். பிடியோ அதிர்ச்சியைத் தாங்கிக் கைக்கு இதமாய் இருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் ஏற்ற பொருளைத் தெரிந்தெடுப்பதே கருவி செய்வோனின் முதற்கலை. அடிப்பதும் தீட்டுவதும் அதற்குப் பிற்பட்டவையே.

இரும்பும் உருக்கும்

தூய இரும்பு மென்மையானது. அதனோடு மிகச் சிறிதளவு காபன், அதாவது கரி, சேரும்போதே அது உருக்காகிறது. நூற்றுக்கு 0.1 பங்கு காபன் உள்ள இரும்பிலே ஆணியும் கம்பியும் செய்யலாம், கத்தி செய்யலாகாது. ஏறக்குறைய 0.6 பங்கு முதல் 1 பங்கு வரை இருந்தால் நல்ல வாய் அமையும். 2 பங்குக்கு மேற்பட்டால் அது வார்ப்பிரும்பாகி, அடித்தால் உடைந்துவிடும். அரிசியில் ஒரு சிட்டிகை உப்புப் போன்ற இவ்வளவே, ஆணிக்கும் கத்திக்கும் உள்ள வேற்றுமை!

இவ்வுண்மையை நம் முன்னோர் இரசாயனப் பெயர்கள் அறியாமலே கையாண்டனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இரும்புத் துண்டுகளோடு ஆவாரஞ் சுள்ளிகளை மூசை எனப்படும் மட்கலத்தில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, உலையிலே காய்ச்சினர். சுள்ளி கரியாகி இரும்பிற் கலந்து உருக்காயிற்று. இத்தகைய உருக்கை ஆராய்ந்து 1820ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டவர்களுள் ஒருவர் விஞ்ஞானி மைக்கேல் பரடே ஆவார்.

நமது நாட்டிலும் இதற்குப் பெருமை மிக்க சான்று உண்டு. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியின் மலைச் சரிவுகளிலே, துருத்தியின்றித் தென்மேல் பருவக்காற்றினாலேயே எரிந்த பழைய உலைகளை ஜில் ஜூலெஃப் அம்மையார் ஆராய்ந்து, 1996ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே காபன் மிகுந்த உருக்கு விளைந்தது. அப்பகுதியில் இரும்புருக்கும் தொழிலின் இறுதிக் காலத்தை நேரிற் கண்டு, 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே பதித்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் பிறந்த கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை அமைந்துள்ள அதே காலி வீதியிலேதான் இருக்கிறது.

இன்று மூசையுமில்லை, ஆவாரஞ் சுள்ளியுமில்லை. ஆயினும் கொல்லர் தெரிந்தெடுக்கும் திறனை இழந்து விடவில்லை. பழைய லொறிகளின் வில்லுத்தகட்டை அவர்கள் விரும்பி வாங்குவது மலிவு கருதி மட்டுமன்று. அது 0.5 முதல் 0.6 பங்கு வரை காபன் கொண்ட உருக்கு. ஆயிரமாயிரம் முறை வளைந்தும் ஒடியாதது. அதைச் செந்நிறமாகக் காய்ச்சி, வாயை மாத்திரம் நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் வாய் கடினமாகும். முதுகு தன் வளையுந் தன்மையை இழவாது. தோய்த்த வாய் கண்ணாடி போல் நொறுங்காதிருக்க, மீண்டும் இளஞ்சூட்டில், வைக்கோல் நிறம் தோன்றுமட்டும் வாட்டுவர். அந்நிறம் ஏறத்தாழ 230 பாகை செல்சியசைக் குறிக்கும். கொல்லனுக்குக் கண்ணே வெப்பமானி.

கடற்காற்றும் கத்தியும்

அப்படியாயின், கடையிலே பளபளக்கும் துருப்பிடியாக் கத்தி பயனற்றதா? அவ்வாறு கூறுவது நியாயமன்று. 1913ஆம் ஆண்டிலே ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், உருக்கோடு நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு குரோமியம் சேர்த்து அதனை உருவாக்கினார். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே குடியிருக்கும் வெள்ளவத்தை வாசிகளுக்கு உப்புக்காற்றின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லன் கத்தியை ஈரத்தோடு வைத்தால் மறுநாட் காலையிலேயே செம்புள்ளி தோன்றும். தேசிக்காயும் புளியும் அதனைக் கறுக்கச் செய்யும். ஆகவே பழம் நறுக்கவும் தேசிக்காய் வெட்டவும் துருப்பிடியாக் கத்தியும், மீனுக்கும் பலாக்காய்க்கும் கொல்லன் கத்தியும் என இரண்டு வைத்திருத்தல் நன்று. பின்னதை உடனே துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் நெடுங்காலம் உழைக்கும்.

பிடிக்கேற்ற மரம்

புறத்தே வைரமுள்ளவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பாகுபாடு செய்கிறது. மாணவர் இதனை இலக்கணமாகக் கற்பர். தச்சனுக்கோ இது தொழில் நுணுக்கம். பனையிலும் தென்னையிலும் வலிமை வெளிப்புறத்தில் உள்ளது, நடுவே சோற்றி. ஆகவே பனங்கட்டையிற் பிடி செய்வோர் புறவைரத்தையே எடுத்தல் வேண்டும். பூவரசு, புளி, வேம்பு முதலியவற்றிலோ வெளிப்புற வெள்ளையை நீக்கி உள்வைரத்தை எடுக்க வேண்டும். முருங்கை போன்ற மென்மரம் எக்காலத்தும் ஆகாது.

எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் அவசியம். பச்சை மரத்திற் செய்த பிடி, உலர்ந்து சுருங்கும்போது வெடிக்கும் அல்லது தளரும். மரத்தின் இழைகள் பிடியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினாலும் கணு இருந்தாலும் அவ்விடத்திலே முறியும். பிடியைப் பூட்டும் தறையாணி பித்தளையாயின் துருவேறாது. இரும்பாணி துருவேறிப் பருத்து மரத்தைப் பிளந்துவிடும்.

கத்தி வாங்கச் செல்லும் சகோதரிகள் இவற்றை மனத்திற் கொள்வாராக. பிடியைத் திருப்பி இழை ஓடும் திசையைப் பாருங்கள். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி இருந்தால் வாங்காது விடுங்கள். அங்கே நீரும் அழுக்கும் தங்கும். கொல்லரிடம் வாங்குவதாயின், எந்த இரும்பு, எவ்வாறு தோய்ச்சல் வைத்தது என்று தயங்காது கேளுங்கள். நல்ல கொல்லன் அக்கேள்விக்குச் சினங்கொள்ளான், மகிழ்வான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வாழ்ந்துவரும் அறிவு, செய்வோன் கையில் மட்டும் நிலைத்திருக்க முடியாது. விசாரித்து வாங்குவோர் உள்ளவரையே அதுவும் இருக்கும்.