அன்று சுவரில், இன்று கூரையில்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் கட்டிய நடுத்தர வீடுகளில் விளக்கு எங்கே வர வேண்டும் என்று யாரும் படம் போட்டுப் பார்த்ததில்லை. பூச்சுவேலை முடிந்ததும் எலக்ட்ரிஷியன் வருவார். சுவரில் மரரீப்பர் அடித்து, அதன்மேல் ஒயரை ஓட்டி, கிளிப்பை மடக்கிக்கொண்டே போவார். ஒயர் போகிற வழியில்தான் விளக்கு. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று சிக்கனமாக முடிந்துவிடும். முதலில் 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு. பிறகு நாலடி டியூப் லைட்.

வெளிச்சம் இருந்த இடத்துக்கு ஆட்கள் போனார்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பாய் விரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். பூ கட்டுவதும் அரிசியில் கல் பொறுக்குவதும் அங்கேயேதான்.

இன்று நிலைமை தலைகீழ். 2015இல் எல்இடி பல்பை மலிவாகக் கொடுக்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தது. எல்இடி பல்பு விலை மளமளவென்று இறங்கியது. பழைய 60 வாட் பல்பின் வெளிச்சத்தை இப்போது 9 வாட் எல்இடி தாராளமாகத் தருகிறது. கூடவே ஃபால்ஸ் சீலிங்கும் வந்தது. இப்போது ஒரே கூடத்தில் எட்டு, பத்து டவுன்லைட். ஆனால் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் சீலிங்கின் டிசைன்தான் முடிவு செய்கிறது. அறையில் யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

இடைவெளிக்கு எளிய கணக்கு உண்டு. கூரையின் உயரத்தில் பாதி, இரு விளக்குகளுக்கு நடுவே இருக்கலாம். அதிலும் பாதி, சுவருக்கும் முதல் விளக்குக்கும் நடுவே. பத்தடி உயரக் கூரை, பத்துக்குப் பதினைந்து அடி கூடம் என்றால் ஐந்தடிக்கு ஒன்று, சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று, மொத்தம் ஆறு போதும்.

ஆனால் இந்தக் கணக்கு நம் ஊர் ஃபேனை மறந்துவிடுகிறது. 1200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி சுற்றுகிறது. மேலே சொன்ன கூடத்தில் நடு இரண்டு விளக்குகளும் ஃபேனின் மையத்திலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். இறக்கைக்கு வெளியேதான், ஆனாலும் சாய்வாக இறங்கும் ஒளியை இறக்கை வெட்டிவிடும். ஃபேன் ஓடும்போது தரையிலும் புத்தகத்திலும் நிழல் பட்பட்டென்று துடிக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் தலை வலிக்கும். அந்த இரண்டை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சுவரில் விளக்கு வைப்பதே சரி. பழைய டியூப் லைட் சுவரில், இறக்கைக்குக் கீழே இருந்தது. அதனால் நிழல் கூரையோடு நின்றுவிட்டது. எத்தனை ஃபேன் ஓடினாலும் படிக்கிற பிள்ளையின் நோட்டு அசையாத வெளிச்சத்தில் இருந்தது. அந்த இடம் கணக்குப் போட்டு வந்ததோ இல்லையோ, அதில் ஒரு சரி இருந்தது.

அடுப்படியில் மட்டும் பழையதை மெச்ச முடியாது. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கிய காலத்தில் விளக்கு எங்கிருந்தாலும் பாதகமில்லை. மேடை வந்து நின்று சமைக்கத் தொடங்கியதும், முதுகுக்குப் பின்னால் எரிகிற விளக்கு சமைப்பவரின் நிழலையே வெங்காயத்தின்மேல் விழவைத்தது. கத்தி ஓடுகிற இடம்தான் வீட்டிலேயே இருட்டு. இன்று மேல் அலமாரிக்கு அடியில் மெல்லிய எல்இடி பட்டை ஒட்டினால் அந்தக் குறை தீர்கிறது. ஆனாலும் பல புது வீடுகளில் அடுப்படிக்கு நடுக்கூரையில் ஒரே ஒரு விளக்குதான். கூடத்தின் டிசைனுக்குச் செலவழித்த பிறகு, நாள் முழுக்க வேலை நடக்கிற அறைக்குக் கை இழுத்துக்கொள்கிறது.

அன்று சுவரின்மேல் ஓடிய ஒயரை எப்போது வேண்டுமானாலும் கழற்றி நகர்த்தலாம். இன்று பைப் கான்கிரீட்டுக்குள் போகிறது. ஃபால்ஸ் சீலிங் இல்லாத அறையில், தளம் போட்ட பிறகு கூரையை உடைத்துத்தான் இடம் மாற்ற வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் தளம் போடுவதற்கு முன்பே கட்டில், சோபா, படிக்கும் மேஜை, அடுப்பு, ஃபேன் ஆகியவற்றின் இடத்தை ஒரு தாளில் குறித்து எலக்ட்ரிஷியன் கையில் கொடுங்கள். விளக்கின் இடத்தை அதன் பிறகு அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.