உதவித் தாதி தாதியாவது எங்ஙனம்?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மாலைப் பொழுதில் நம் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டோம். தாயின் காப்பை அடகு வைத்துத் தனியார் நிலையமொன்றில் ‘தாதியர் பயிற்சி’ முடித்தவள். மூன்று ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையொன்றில் உதவித் தாதி. “அரச வேலைக்கு என் சான்றிதழ் செல்லாதாம், சேர். இவ்வளவு நாள் வேலை செய்தும் நான் தாதி இல்லையாம்” என்றாள். காப்பு இன்னும் மீளவில்லை.

அவள் அறிவிலி அல்லள். ஆழமறியாது காலை விட்டவள். ஆதலின் இவ்விடயத்தைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

நோயாளியைத் துடைப்பதும், உணவூட்டுவதும், காய்ச்சல் அளப்பதும் உதவித் தாதியின் பணி. மருந்தளித்து, நோயின் போக்கை மதிப்பிட்டு, அதற்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர் பதிவு பெற்ற தாதி. கனடாவிலும் அமெரிக்காவிலும் முன்னவர் பின்னவராக உயர்வதற்கென்றே இடைப்பட்ட கற்கைநெறிகள் உண்டு. நம் நாட்டில் அந்த வழி திறந்திருக்கவில்லை. 2009இல் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் படகுப்பாதைக்குக் காத்து நின்றதை நாம் மறக்கவில்லை. இங்கும் அப்படியே. அக்கரை சேரப் பரீட்சை என்னும் படகில்தான் ஏறவேண்டும். பணியாற்றிய ஆண்டுகள் பரீட்சைச் சித்திக்கு ஈடாகா.

செலவு குறைந்த வழி எது? சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியே. அங்கு மூன்று ஆண்டுப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை; மாறாக, மாதந்தோறும் கொடுப்பனவு கிடைக்கிறது. நம் கிழக்கிலே மட்டக்களப்பில் அத்தகைய கல்லூரி ஒன்று இயங்குகிறது. ஆட்சேர்ப்பு அறிவித்தல் அரச வர்த்தமானியில் வரும். க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி கேட்பது அண்மைக்கால வழக்கம். வயதெல்லையும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தாதியியற் பட்டம் வழங்குகின்றன. அங்கும் கட்டணமின்றிக் கற்கலாம், ஆனால் வெட்டுப்புள்ளி வேண்டும்.

எனவே நம் மாணவிக்கு நாம் வகுத்த திட்டம் எளிது. வேலையை விடவேண்டாம், அச்சம்பளமே படிப்புக்கு முதல். முன்பு இரசாயனவியலில் மட்டுமே தவறினாள். ஆகவே தனியார் வகுப்புக்கான பணத்தை அந்த ஒரு பாடத்துக்கே ஒதுக்கவேண்டும். உயிரியலையும் பௌதிகவியலையும் கடந்தகால வினாத்தாள்களைக் கொண்டு தானே மீட்டலாம். பாடசாலையை விட்டவரும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். இரவுப் பணி இல்லாத நாட்களில் இரண்டு மணி நேரம். ஆங்கிலத்துக்கு அரை மணி நேரம். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் இந்த அரை மணி வீண்போகாது. வயதெல்லை நெருங்குவதால், முதற் செலவு பணமன்று, காலமே என்பதையும் சொன்னோம்.

டிப்ளோமாவுடன் கல்வி முடிந்துவிடுவதில்லை. பணியிலுள்ள பதிவு பெற்ற தாதியர், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தாதியியற் பட்டம் பெறலாம். ஒரேயடியாகக் கடன்படாமல், படிப்படியாக ஏறும் வழி இது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எந்நிலையத்திலும் பணம் கட்டுமுன், “இச்சான்றிதழைக் கொண்டு தாதியாகப் பதிவு பெறலாமா? அதை எழுத்தில் தருவீர்களா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலானால் திரும்பி வந்துவிடுங்கள். தாதி உதவியாளர் பயிற்சி இழிவானதன்று. அதைத் தாதிப் படிப்பு என்று விற்பதே தவறு.

நம் மாணவி இரசாயனவியற் புத்தகத்தை மீண்டும் திறந்திருக்கிறாள். காப்பு மீள்வதற்குச் சில காலம் செல்லலாம். ஆனால் இம்முறை அவள் தண்ணீரின் ஆழம் அறிந்தே இறங்கியிருக்கிறாள்.