கேட்கும் செவியும் ஒரு மருந்துதான்



இந்த இதழில், உங்கள் காணிக்கையினால் தாங்கப்படும் ஆலோசனை ஊழியத்தைக் குறித்துச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறோம். “டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, உட்கார்ந்து பேசுவதற்கு ஏன் ஆளும் பணமும்?” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கீரப்பாளையத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து வந்து, ஆண்கள் வார்டில் படுத்திருந்த ஒரு விவசாயியைப் பார்க்கச் சென்றோம். பூச்சிமருந்தைக் குடித்து, டாக்டர்களின் பிரயாசத்தினால் உயிர் பிழைத்தவர் அவர். கட்டிலருகே நின்று வேதம் வாசித்தோம், ஜெபித்தோம், பத்து நிமிஷத்தில் அடுத்த கட்டிலுக்குப் புறப்பட்டோம். அவருடைய மனைவி வராந்தா வரை பின்னால் வந்து, “ஐயா, அவரு உங்ககிட்ட ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. அதுக்குள்ள நீங்க ஜெபத்தை முடிச்சிட்டீங்க” என்றார்.

வெட்கத்தோடு திரும்பிச் சென்று, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். மழையில் அழுகிப்போன சம்பா, வட்டிக் கடன், நின்றுபோன மகள் கலியாணம் என்று ஒரு மணி நேரம் பேசினார். நாங்கள் பேசியது மிகவும் குறைவு. முடிவில், “இப்பத்தான் மூச்சு வருது, ஐயா” என்றார்.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் மௌனமாக அவரோடு உட்கார்ந்திருந்தவரையில் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தவறினார்கள். செமினரியில் இதைப் படித்திருந்தும், எங்களுக்குப் புரிந்தது அந்த வராந்தாவில்தான்.

ஆலோசனை என்பது புத்திமதி சொல்வது அல்ல. முதலில், பாரத்தை முழுவதும் இறக்கிவைக்க இடங்கொடுக்கிறோம். பின்பு, கலைந்துகிடக்கும் கஷ்டங்களில் இன்றே எதையாவது செய்யக்கூடியது எது என்று இருவருமாகச் சேர்ந்து பிரித்துப் பார்க்கிறோம். அடுத்த வாரத்துக்குள் செய்யும்படி ஒரு சிறிய காரியத்தைத் தெரிந்துகொள்கிறோம். மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் சோர்வு கூடுகிறது. சிறிய வேலையைத் தொடங்கினால் மனம் மெல்லப் பின்தொடர்கிறது.

இதற்குப் பெரிய பட்டம் வேண்டுமா? கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், கடும் மனச்சோர்வுள்ளவர்களுக்கு, மனநலப் படிப்பு இல்லாத சாதாரண மக்களே பயிற்சி பெற்று ஆறு முதல் எட்டு முறை ஆலோசனை அளித்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 100-க்கு 64 பேர் தேறினார்கள். அது இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தேறியவர்கள் 39 பேர். குறைந்த செலவில் நிறைந்த பலன் கிடைப்பது இவ்விதமாகவே.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. சென்னையில் 1986-ல் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொது இடத்தில் பூட்டுள்ள தனித்தனிப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று 2013-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. சாகவேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் விஷம் தூரத்திலும், கேட்கும் செவி பக்கத்திலும் இருந்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

ஆலோசனை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. காதில் குரல் கேட்பவர்கள், பல நாள் தூங்காதவர்கள், சாவைப் பற்றியே பேசுபவர்கள் ஆகியோரைத் தாமதமின்றி மனநல டாக்டரிடம் அனுப்பவேண்டும். மாத்திரையை நிறுத்தி ஜெபம் மட்டும் போதும் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டதை வெளியே சொல்வதும் இல்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்த ஒரு பயமே பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறிப் பட்டணத்து டாக்டரிடம் மாதந்தோறும் போய்வர எல்லாராலும் இயலாது. ஆகவே உங்கள் காணிக்கை ஊழியரின் பயிற்சிக்கும், கிராமத்துக்குப் போய்வரும் செலவுக்கும், கதவடைத்துப் பேச ஓர் அறைக்கும் உதவுகிறது. வருகிறவர் எந்த மதத்தவர் என்று கேட்கப்படுவதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் சபையிலும் சிரித்த முகத்தோடு பாரம் சுமப்பவர்கள் இருக்கலாம். அடுத்த முறை ஒருவர் வாயெடுத்தால், தயவுசெய்து உட்காருங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம் என்பதையும் அறிவியுங்கள்.

அந்த விவசாயியின் மனைவி எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை நாங்கள் மறவாதிருக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஊழியத்தில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்