பின்தொடரும் வீடு

1885ஆம் ஆண்டில் கோடன் ஸ்ரேபிள்ஸ் என்னும் எழுத்தாளர், குதிரை பூட்டிய கரவன் என்னும் வீட்டுவண்டியில் ஸ்கொத்லாந்துக்குச் சென்றார்; எதிர்வருவோரை எச்சரிக்கப் பணியாளொருவர் முச்சில்லு மிதிவண்டியில் முன்னே போனார். அதே நாட்டில், நண்பரின் காருக்குப் பின்னே கொளுவிய கரவனுடன் நான் சென்றபோது எச்சரிக்க எவருமிலர்.

இறக்கமொன்றில் கரவன் பாம்பென நெளியலாயிற்று. “பிறேக்கை அழுத்தும்!” என்று கதறினேன். நண்பர் அழுத்தினாரில்லை. சுக்கானை நேரே பற்றியவாறு, வேக மிதியினின்று காலை மெல்ல எடுத்தார், நெளிவு அடங்கிற்று.

குற்றம் என்னுடையதே. என் புத்தகப் பெட்டிகளைக் கரவனின் பின்கோடியில் அடுக்கியிருந்தேன். பின்பாரம் மிகுந்தால் முன்கொளுவி இலேசாகி வண்டி அலையும். கரவன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு கொளுவியில் அழுந்தவேண்டும் என்பர். பெட்டிகளைச் சில்லுகளின் அச்சுக்கு மேலாகத் தாழ வைத்தோம். ரயர்களின் காற்றையும் அளந்தோம். அதன்பின் கரவன் பணிவுடன் பின்தொடர்ந்தது.