தவளை தின்னும், பாக்டீரியா தின்னப்படும்

ஆரணி, பெரியபாளையம், பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிடும் உங்களுக்குக் கூலி கேட்காத வேலையாட்கள் இரண்டு பேர் உண்டு. ஒருவர், மழை விழுந்ததும் வயலில் கத்துகிற பெரிய தவளை. மற்றவர், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் கிடக்கும் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்ற பாக்டீரியா. சுருக்கமாக, பி.டி.

இரண்டும் பூச்சியைக் கொல்லும். ஆனால் விதம் நேர் எதிர். தவளை பூச்சியைத் தின்கிறது. பாக்டீரியாவையோ, புழுதான் தின்ன வேண்டும்! இந்த வித்தியாசம் புரிந்தால் மருந்துச் செலவு மிச்சம்.

1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் செத்து விழுந்தபோது இந்தப் பாக்டீரியாவை இஷிவாட்டா என்பவர் கண்டார். 1911இல் ஜெர்மனியில், துரிங்கியா பகுதியிலிருந்து வந்த மாவுப்பூச்சிப் புழுவில் பெர்லினர் இதையே கண்டார். பெயரும் அந்த ஊரை ஒட்டி வந்ததுதான்.

பாக்டீரியாவுக்குள் ஒரு புரதப் படிகம் இருக்கிறது. இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றால், காரமான அதன் குடலில் படிகம் கரைந்து, குடல் சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும்; இரண்டு மூன்று நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அதனால் நமக்கும் ஆடு மாடுகளுக்கும் கெடுதல் இல்லை.

ஆகவே பி.டி. மருந்தை இலைச்சுருட்டுப்புழு சிறிதாக இருக்கும்போதே, இலை நனைய அடிக்க வேண்டும். வெயில் அதைக் கெடுத்துவிடும், சாயங்காலம் அடியுங்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரிப் பக்கம் கொண்டு போகவே கூடாது.

புகையானுக்கு இது உதவாது. அது இலையைத் தின்பதில்லை, தூரில் சாறு உறிஞ்சுகிறது. அங்கேதான் தவளையும் சிலந்தியும் வேண்டும். தவளை ஆள் பார்த்துத் தின்பதில்லை. சிலந்தியையும் ஒரு கை பார்க்கும். ஆனாலும் கணக்கில் லாபம் நமக்குத்தான்.

ஒரு காலத்தில் நம் தவளைக்கால் கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. 1987இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது தவளைக்கு ஆபத்து நம் தெளிப்பானிலும் இருக்கிறது. தவளையின் தோல் மெல்லியது. வயல் தண்ணீரில் கலந்த விஷத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கடையில் இன்னும் கொஞ்சம் மருந்து நாள் முடிந்து கிடந்தால் மீண்டும் யோசியுங்கள்: பயிர் இளசாக இருக்கும்போதே கடும் மருந்தை அடித்தால் சிலந்தியும் தவளையும் முதலில் போகும், புகையான் பிறகு பெருகும்.

நடவு முடிந்ததும் வரப்போரம் தலைப்பிரட்டைக்கு ஒரு சிறு நீர்க்குழி விடுங்கள். புழு கண்டால் பி.டி., புகையான் கண்டால் பொறுமையாகத் தூரை விலக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.